பொட்டுவுக்கு ஒரு அவசரச் சட்டை

அந்தத் தெருவுக்கு வந்து "நாளைக்கு டெய்லர் கடை எது?" என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "அதோ, ஸ்கூல் வேன் நிக்குதே, அந்த வீட்டு முன்னறை" என்று கையை நீட்டி வழி காட்டுவார்கள். அது பட்டப்பெயர் என்பதே ஊருக்கு மறந்துபோய் வெகு காலமாகிறது.

முப்பது வருடத்தில் அவர் தைத்த சட்டைகளில் ஒரு தையல் பிரிந்தது என்று யாரும் குறை சொன்னதில்லை. காலர் நிமிர்ந்து நிற்கும். தோள் தோளில் உட்காரும். பட்டனும் காஜாவும் முன்ஜென்ம உறவு போல ஒட்டிக்கொள்ளும். சட்டை எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதில் மட்டும் அவருக்கும் உலகத்துக்கும் சிறு கருத்து வேறுபாடு இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் தந்தார். அதில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பாகுபாடு பார்த்ததே இல்லை.

"நாளைக்கு வாங்க."

அவர் பொய்யர் அல்ல. அதைச் சொல்லும் நிமிடத்தில் முழு மனதோடு நம்பித்தான் சொல்வார். தன் கல்யாணச் சட்டையைத் தானே தைத்துக்கொண்டவர், அன்றைக்குப் பட்டன் இல்லாமல் குண்டூசிகளின் தயவில் மாப்பிள்ளையாக நின்றார். பக்கத்தில் நின்ற மணப்பெண்ணின் விரலில் ஒரு குண்டூசி ஏறியது. "நாளைக்குப் பட்டன் வெச்சுடறேன்" என்று அவள் காதில் சொன்னார். மனைவியிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அந்தச் சட்டை இன்றும் பீரோவில் இருக்கிறது. பட்டனுக்குக் காத்திருக்கிறது.

மனைவியோ பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஊருக்கே வேன்காரம்மா. ஆறு ஐம்பதுக்கு வண்டி கிளம்பும் என்றால் ஆறு ஐம்பதுக்குக் கிளம்பும். கடிகாரம் வேறு மாதிரி சொன்னால் அது கடிகாரத்தின் கோளாறு. வாயைவிட ஹாரனை அதிகம் நம்புகிறவர். சின்னதாக ஒரு ஹாரன் என்றால் 'கிளம்பிட்டேன்'. இரண்டு என்றால் 'கதவைச் சாத்துங்க'. நீளமாக ஒன்று என்றால் 'நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியும், வாயை மூடுங்க'. இருபத்தாறு வருடத் தாம்பத்தியம் இந்த மூன்று ஹாரன்களின் மேல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டின் பின்பக்கம் ஆறு கோழிகள். அவற்றில் ஒன்றுதான் பொட்டு. உடம்பெல்லாம் மண் நிறம், தலையில் வெள்ளையாக ஒரு புள்ளி. தினமும் காலையில் மற்ற ஐந்தும் இரை தேடப் போய்விடும். பொட்டு மட்டும் சுற்றுச்சுவர் ஓரமாக நடந்து முன்பக்கம் வந்து வேன் டயர்கள் நான்கையும் பார்வையிடும். திருப்தியானால் ஒரு 'கொக்'. வேன்காரம்மா அதனிடம் சாலைப் பள்ளம், பிள்ளைகளின் சேட்டை, டீசல் வாசம் எல்லாவற்றையும் பேசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கணவரிடம் பேசியதைவிட அதனிடம் பேசியது அதிகம். டெய்லருக்கு அதில் பொறாமை இல்லை. ஒரு வகையில் நிம்மதிதான்.

இந்த அமைதியான குடும்பத்துக்குள் ஒரு சேவலைக் கொண்டுவந்து விட்டவர் வேன்காரம்மாவின் தம்பி.

"மாமா, ஆறு பொண்ணு இருக்கற வீட்டுல ஒரு மாப்பிள்ளை வேண்டாமா?" என்று கோணிப்பையை அவிழ்த்தார். பையிலிருந்து இறங்கிய கனவானுக்கு அப்போதே மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. பெயருக்கு ஏற்ற முறுக்கு. நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டுக் கால்கள் பின்னால் வரும். காலில் விரல் நீளத்துக்கு முள். வந்த வாரத்திலேயே தபால்காரரைத் தெருமுனை வரை வழியனுப்பி வைத்தது.

ஆறு கோழி இருந்தும் மாப்பிள்ளையின் பிரியம் முழுவதும் பொட்டுவின் மேல்தான். சேவலின் பிரியம் கோழியின் முதுகில் ஏறித்தான் தெரிவிக்கப்படும் என்பதால், பொட்டுவின் முதுகில் இறகுகள் குறைந்துகொண்டே வந்தன. வேன்காரம்மா பார்த்தார். மறுநாளே ஒரு சுருள் கம்பிவலை வாங்கிவந்து போட்டார்.

"என்னங்க, நடுவுல ஒரு தடுப்பு கட்டிடுங்க. அவன் அந்தப் பக்கம், இதுங்க இந்தப் பக்கம்."

"நாளைக்குக் கட்டிடறேன்."

பதினோரு வாரம் ஓடின. கம்பிவலைச் சுருள் தையல் மெஷினுக்குப் பின்னால் நின்றது. முதல் வாரம் இடைஞ்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் ஹேங்கர் மாட்ட வசதியாக இருந்தது. எட்டாவது வாரத்தில் அது வீட்டு மனுஷி ஆகிவிட்டது. அதில்லாமல் அந்த மூலையை நினைத்துப் பார்க்கவே டெய்லருக்கு மனம் வரவில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

ஆறு ஐம்பது ஆகியும் வேன் கிளம்பவில்லை. நிலநடுக்கம் வந்தால்கூட அசையாத டெய்லர், இதைக் கேட்டு, அதாவது எதையும் கேட்காமல், பதறியடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வேன்காரம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தார். மடியில் பொட்டு. இறக்கைக்கு அடியிலிருந்து முதுகு வரை தோல் கிழிந்து மடங்கிக் கிடந்தது. மாப்பிள்ளை ஒன்றும் அறியாதவனைப் போலச் சுவர்மேல் நின்று கூவிக்கொண்டிருந்தது.

வேன்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் டெய்லர் தப்பித்திருப்பார். கோழியைத் துண்டில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

"பிள்ளைங்க ரோட்டுல நிக்கும். நான் போயாகணும்." நாலு அடி வைத்துத் திரும்பினார். "இதையும் நாளைக்குத்தான் பாப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேன் கிளம்பியது. சின்ன ஹாரன் இல்லை, இரண்டு இல்லை, நீளமானதும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அந்த வண்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனது.

டெய்லர் ஓடினார். காலில் வேறு வேறு செருப்பு, கழுத்தில் இஞ்ச் டேப், கையில் கோழி. தெருவில் மூன்று வாடிக்கையாளர்கள் எதிர்ப்பட்டார்கள். தங்களைப் பார்த்துத்தான் ஓடுகிறார் என்று மூவருமே நினைத்தார்கள். அவர்களில் ஒருவர் துரத்தவும் செய்தார்.

கால்நடை மருத்துவமனை வாசலில் காது கட்டிய நாய் ஒன்றும் கூடைக்குள் சீறும் பூனை ஒன்றும் காத்திருந்தன. டெய்லர் இரண்டையும் தாண்டி உள்ளே பாய்ந்தார். அங்கே டாக்டரம்மாவைக் கண்டதும் அவர் கால்கள் தாமாக நின்றன.

காரணம் உண்டு. நாலு மாதம் முன்பு இதே டாக்டரம்மா கடைக்கு வந்து, அழுக்குத் தெரியாத மண் நிறத்தில் ஒரு தடிமனான துணியைக் கொடுத்திருந்தார். "முழுக்கை வேணும் டெய்லர். மணிக்கட்டு வரைக்கும் வரணும். பூனைங்க பிறாண்டித் தள்ளுதுங்க" என்று கையைக் காட்டினார். அப்போது ஏழெட்டுக் கீறல். இப்போது எண்ண முடியவில்லை.

"வாங்க டெய்லர்! என்ன விசேஷம்? சட்டை கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா... இது... ரொம்ப அவசரம்."

"அவசரமா? அந்த வார்த்தை உங்களுக்குக்கூடத் தெரியுமா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். "நாளைக்கு வாங்க."

டெய்லருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக அந்தச் சொல்லை அவர் பிறர்மேல் எறிந்திருக்கிறார். தன் தலையில் விழுந்தால் இத்தனை கனம் என்று யாருமே சொன்னதில்லை. அவர் வாய் திறந்து ஏதோ கெஞ்சத் தொடங்கியபோதுதான் கவனித்தார்: டாக்டரம்மாவின் வாய்தான் பழிவாங்கிக்கொண்டிருந்தது. கைகள் எப்போதோ துண்டைப் பிரித்து வேலையைத் தொடங்கியிருந்தன.

காயத்தைச் சுற்றி இறகை வெட்டினார். உப்புநீரால் கழுவினார். கிழிந்த தோலை இழுத்துச் சேர்த்து, வளைந்த ஊசியால் தைக்கத் தொடங்கினார். டெய்லர் கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் தொழில் தொழில்தானே.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. தையல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுதே..."

"நீங்க தைக்கறீங்களா? அப்புறம் இது குணமாக நாலு மாசம் ஆகும்."

தையலுக்கு மேல் ஊதா நிற மருந்தை அடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இது மருந்துக்கு மட்டும் இல்ல, மறைக்கவும்தான். கோழிங்களுக்குச் சிவப்பைக் கண்டா கொத்தத் தோணும். கொத்த ஆரம்பிச்சா நிறுத்தாதுங்க. அதனால சிவப்பு தெரியவே கூடாது, புரியுதா? நாலு நாள் வீட்டுக்குள்ள வெச்சிருங்க. சேவலைத் தடுத்து அடைச்சிடுங்க."

"நாளை..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விழுங்கினார். விழுங்கினாரே தவிர, கோழிதான் வீட்டுக்குள் இருக்கிறதே என்ற தைரியத்தில் வலையை அன்றும் கட்டவில்லை.

இஸ்திரி மேசைக்கு அடியில், துணிகள் வரும் அட்டைப்பெட்டியில் பொட்டு குடியேறியது. டெய்லர் நேரம் தவறாமல் களிம்பு தடவினார். ஈ அண்டாமல் பெட்டிமேல் வலைத்துணி கட்டினார். நேரம் தவறாமல் ஒரு காரியத்தைச் செய்வது எப்படி இருக்கும் என்று அவருக்கே புதுமையாக இருந்தது. காயமும் ஒழுங்காகக் காய்ந்தது.

ஆனால் பொட்டு சாப்பிடவில்லை. அரிசி போட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. சோளத்தைப் பொடித்தார், கண்ணை மூடிக்கொண்டது. மருந்து சொட்டும் குழாயால் தண்ணீர் மட்டும் அலகில் விட்டுவந்தார். புதன்கிழமை கொண்டை வெளுத்தது. சாயங்காலம் வேன்காரம்மா வந்து பெட்டியின் முன் உட்காருவார். சாலைப் பள்ளத்தைப் பற்றிக்கூடப் பேச மாட்டார். எழுந்து போகும்போது மெஷினுக்குப் பின்னால் நிற்கும் கம்பிவலையைப் பார்ப்பார். டெய்லரைப் பார்க்க மாட்டார்.

நடுவில் மச்சான் வேறு வந்தார். "என்ன மாமா, ஒரு கோழிக்குப் போய் டாக்டரா? பேசாம அடுப்புல ஏத்திட்டு..."

"ஏத்தலாம்டா," என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "மாப்பிள்ளையையா, அவனைக் கொண்டுவந்து விட்டவனையா?"

மச்சான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

வியாழக்கிழமை மத்தியானம் பொட்டுவின் தலை தொங்கிவிட்டது. டெய்லர் டாக்டரம்மாவுக்கு போன் போட்டார்.

"காயத்தால இல்ல டெய்லர், தனியா இருக்கறதால. கூட்டத்தோட இருந்தாத்தான் அது தின்னும். வெளியில விடுங்க. ஆனா வெறும் முதுகோட விட்டா மத்ததுங்க கொத்திக் கொன்னுடும். முதுகை மூடற மாதிரி ஒரு துணி, ரெண்டு இறக்கையிலயும் மாட்ட எலாஸ்டிக். அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? எப்போ தைப்பீங்க?"

"இன்னைக்கு."

"என்ன சொன்னீங்க? லைன் சரியில்ல."

"இன்னைக்குங்க! இப்பவே!"

வாழ்க்கையில் முதல் முறையாக உதித்த அந்தச் சொல் அவரை உலுக்கி எழுப்பியது. கழுத்திலிருந்த டேப்பை உருவினார். "முதுகு ஆறரை, இறக்கைக்கு இறக்கை அஞ்சு, கழுத்து..." கோழி ஒத்துழைத்தது, எதிர்க்கத் தெம்பில்லை. துணி அலமாரியைத் திறந்தார். இங்கேதான், வாசகர்களே, முப்பது வருட அனுபவம் அவர் காலை வாரியது.

டெய்லர் புத்தி எப்போதும் மேட்சிங் பார்க்கும். பார்த்தது. இப்போது வெளுத்திருந்தாலும் கொண்டையின் சொந்த நிறம் சிவப்பு. ஆகவே பளபளக்கும் சிவப்புத் துணி, சிவப்பு நூல், ஓரத்தில் சிவப்பு நாடா. சட்டை என்றால் காலர் இல்லாமல் அவர் கைக்கு வராது என்பதால் அரை இஞ்சில் காலர். இருபது நிமிடம். மெஷின் குதிரை போலப் பறந்தது. மாட்டிப் பார்த்தார். அடடா! தையல் கச்சிதம். பொட்டு, கச்சேரிக்குப் போகிற பாடகி மாதிரி இருந்தது.

பெருமிதத்தோடு பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினார்.

ஒரு நொடி உலகம் நின்றது. ஐந்து கோழிகளும் தலையைச் சாய்த்துப் பார்த்தன. அடுத்த நொடி ஐந்தும் சிவப்பின் மேல் பாய்ந்தன. சுவர்மேலிருந்து மாப்பிள்ளை தன் பங்குக்குக் குதித்தது. "ஐயோ! டேய்! விடுடா!" என்று டெய்லர் நடுவில் விழுந்தார். இறகு பறந்தது, காலர் பறந்தது, ஒரு செருப்பு பறந்தது. மாப்பிள்ளையின் முள் டெய்லரின் கெண்டைக்காலில் இறங்கியது. பொட்டுவை நெஞ்சோடு அணைத்தபடி தண்ணீர்த் தொட்டி மேல் அவர் ஏறி நின்றபோது, அதன் முதுகில் சிவப்புக் கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது. துணிதான் கிழிந்திருந்தது, தையல் ஓர் இடத்தில்கூட விடவில்லை. கீழே காயமும் பத்திரம்.

அந்தக் கோலத்தில்தான் வேன்காரம்மா அவரைக் கண்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தொட்டிமேல் நிற்கும் கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சிவப்பா?"

"கொண்டைக்கு... மேட்சிங்..."

"சிவப்பு தெரியவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க!"

டெய்லர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கையில் கோழி இருந்ததால் மெதுவாக அடித்துக்கொண்டார்.

"இறங்குங்க, கால்ல ரத்தம் வருது" என்று வேன்காரம்மா கையை நீட்டினார். நாலு நாளில் மனைவி அவரிடம் பரிவோடு பேசிய முதல் பேச்சு அது. டெய்லருக்கு வலியே தெரியவில்லை.

நொண்டிக்கொண்டே கடைக்குள் போனார். பளபளப்பு வேண்டாம், மேட்சிங் வேண்டாம். அதன் இறகு நிறத்திலேயே, அலகு பாயாத தடிமனில் ஒரு துணி வேண்டும். அலமாரியைக் கவிழ்த்தார். வெள்ளை, நீலம், கோடு, கட்டம். கடைசித் தட்டின் அடியில், நாலு மாதமாக வெட்டி மடித்து வைத்தபடி கிடந்தது அந்த மண் நிறத் துணி. முன்பக்கம், பின்பக்கம், காலர், இரண்டு முழுக்கைகள்.

டெய்லர் ஒரு கையை எடுத்துப் பொட்டுவின் முதுகில் வைத்துப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே உள்ள பாகம், அதற்கென்றே நெய்த மாதிரி உட்கார்ந்தது.

பிறர் துணியில் ஒரு விரல் அகலம்கூட அவர் எடுத்துக்கொண்டதில்லை. தேதியில்தான் கோட்டைவிட்டார், துணியில் ஒருபோதும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் பொட்டு மறுபடி தலையைத் தொங்கப் போட்டது. "டாக்டரம்மா, மன்னிச்சுக்குங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெட்டினார். ஒரு கை முதுகுக்கு, இன்னொரு கை உள்துணிக்கு. காலர் வைக்கத் துடித்த விரல்களை அடக்கிக்கொண்டார்.

தைத்து முடித்தும் வெளியே ஓடவில்லை. மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பிவலைச் சுருளை இழுத்தார். அதில் தொங்கிய ஒன்பது ஹேங்கர்களும் கலகலவென்று விழுந்தன. வேன்காரம்மா சுத்தியலைத் தேடி எடுத்துவந்தார். ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க, பதினோரு வாரம் காத்திருந்த தடுப்பு ஐம்பது நிமிடத்தில் எழுந்து நின்றது. அதில் பதினைந்து நிமிடம் சுத்தியல் தேடியது. மாப்பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளியபோது அது காட்டிய முறைப்புக்கு முன்னால் சீர் குறைந்த சம்பந்தியும் தோற்றார்.

பிறகு பொட்டுவை இறக்கினார்கள்.

ஐந்து கோழிகளும் தலையைச் சாய்த்துப் பார்த்தன. மண் நிறத்தில் ஒரு முதுகு. அதில் என்ன அதிசயம்? ஒன்று திரும்பி மண்ணைக் கிளறியது. இன்னொன்றும். பொட்டு தள்ளாடி ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. கூட்டத்தின் நடுவில் போய் நின்று, பக்கத்துக் கோழி கிளறிய சோளத்தை வெட்கமே இல்லாமல் கொத்தி எடுத்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை.

"தின்னுது!" வேன்காரம்மா கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னங்க, தின்னுது! பாருங்க, அடுத்ததையும் பிடுங்கித் தின்னுது!"

டெய்லர் நொண்டிக் காலோடு ஒரு சுற்று ஆடினார். வலையின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக் கூவியது. யாரும் மதிக்கவில்லை.

மறுநாள் காலை பொட்டு தன் மண் நிறச் சட்டையோடு முன்பக்கம் வந்து நான்கு டயர்களையும் பார்வையிட்டது. ஆறு ஐம்பதுக்கு ஒரு சின்ன ஹாரன். அதைக் கேட்ட டெய்லர் அன்று மட்டும் ஆறு சட்டைகளுக்குப் பட்டன் வைத்தார். ஊர் அதை நம்ப மறுத்தது. சட்டை தயார் என்று சொல்லி அனுப்பியும், "அவர் சொன்னா நம்பிடறதா?" என்று நாலு பேர் வரவே இல்லை.

டாக்டரம்மாவின் சட்டையும் தயார். ஆனால் அதை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க டெய்லருக்குத் தைரியம் வரவில்லை. தைக்காமல் கிடந்த துணிகள் அந்தக் கடையில் ஏராளம். தைத்து முடித்தும் பயத்தால் கிடந்த சட்டை அது ஒன்றுதான்.

பத்தாம் நாள், பொட்டுவின் தையலைப் பிரிக்க டாக்டரம்மாவே நேரில் வந்தார். வேன்காரம்மா அப்போதுதான் சாயங்கால நடைக்கு வண்டியில் ஏறியிருந்தார். டெய்லர் இரண்டு கையாலும் சட்டையை நீட்டினார்.

"தைச்சே முடிச்சிட்டீங்களா!" டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முழங்கையோடு நின்றுபோன கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், மிச்சம் உள்ளே மடிந்திருக்குமோ என்று. "டெய்லர், முழுக்கைதானே கேட்டேன்? என் கை எங்கே?"

டெய்லர் தரையைப் பார்த்தார். அப்போது வேன் டயருக்குப் பின்னாலிருந்து பொட்டு நிதானமாக நடந்து வந்து, டாக்டரம்மாவின் முன் நின்று, முதுகைக் காட்டித் திரும்பியது.

டாக்டரம்மா கோழியின் முதுகைப் பார்த்தார். கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கினார். காயம் ஆறி, ரோஜா நிறத் தோலில் புது இறகுகள் குச்சி குச்சியாக முளைத்திருந்தன.

"தக்க சமயத்துல நீங்கதாங்க கை கொடுத்தீங்க," என்றார் டெய்லர், மிகுந்த பணிவோடு.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் பொட்டு இரண்டடி பின்வாங்கியது. "சரி சரி. இறகு முழுசா வளரட்டும். ஆனா என் கை எனக்கு வேணும், பூனைங்க காத்திட்டிருக்காது. எப்போ ஒட்டித் தருவீங்க?"

டெய்லர் நிமிர்ந்தார். நெஞ்சு நிறைந்த நம்பிக்கையோடு, அந்தக் கணத்தில் அதை முழுமையாக நம்பி, வாயைத் திறந்தார்.

"நா..."

வேனிலிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டது.